அடிபட்டதை வீட்டுல மறைக்காதீங்க: ரக்பி ஆடுற தம்பி தங்கச்சிமாருக்கு ஸ்பிரிங்வெளி அக்காவின் டிப்ஸ்

நம்ம தாத்தா காலத்துல ரக்பின்னா அது துரைமார் விளையாட்டு. 1879ல கொழும்புல தொடங்கி, தோட்டத் துரைமாரோட மலையேறி, டிம்புள, டிக்கோயா, ஊவான்னு ஒவ்வொரு பக்கத்துத் துரைமாரும் தனித்தனி டீம் வச்சு ஆடினாங்க. நம்மாளுங்க கோட்டுக்கு வெளியில நின்னு பார்த்ததோட சரி. இப்ப ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளை டவுனுக்குப் படிக்கப் போற பிள்ளைங்க ரக்பி ஜெர்சியோட வீட்டுக்கு வருதுங்க. எனக்கு அதுல பெருமைதான். ஆனா நம்ம லயத்துல கிரிக்கெட் தெரிஞ்சவங்க இருக்காங்க, வொலிபோல் தெரிஞ்சவங்க இருக்காங்க, ரக்பி தெரிஞ்சவங்க இல்ல. அம்மா மலையில கொழுந்து பறிச்சிட்டு கால் கடுக்க வந்திருப்பாங்க. அப்பா கொழும்புல ஏதாவது கடையில நிப்பாரு. பிள்ளை நெத்தியில வீக்கத்தோட வந்து "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா, அது நிஜமாவே ஒண்ணுமில்லையா, ஆஸ்பத்திரிக்குப் போற விஷயமான்னு பிரிச்சுப் பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த வேலை பெரும்பாலும் அக்காமார் தலையிலதான் விழுது. அதனால இது விளையாடுற பிள்ளைங்களுக்கும் சேர்த்து, அவங்க அக்காமாருக்கும் சேர்த்து.

கால் உடைஞ்சா எல்லாருக்கும் தெரியும். பிள்ளை அலறும், நாலு பேர் ஓடி வருவாங்க, வண்டி பிடிப்பாங்க. ரக்பியில எனக்குப் பயம் அது இல்ல. தலையில அடிபட்டு, எழுந்து நின்னு, "நான் ஓகே சேர்"னு சொல்லிட்டுத் திரும்ப ஆடப்போற பிள்ளைதான் பயம்.

டாக்டர்மார் இதைக் கன்கஷன்னு சொல்றாங்க. மூளை குலுங்கிப் போறது. இதுக்கு மயக்கம் போட்டு விழணும்னு அவசியமே இல்ல, பெரும்பாலானவங்க மயங்குறதில்ல. தலையில நேரா அடிபடணும்னு கூட இல்ல, உடம்புல விழுற பலமான இடியே தலையை உலுக்கிடும். ரத்தம் வராது, ஸ்கேன்லயும் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. தலைவலி, தலைசுத்தல், வாந்தி வர்ற மாதிரி இருக்குறது, வெளிச்சம் கூசுறது, சொன்னதையே திரும்பச் சொல்றது, காரணமில்லாம அழுறது, சிடுசிடுன்னு விழுறது, இதுல ஒண்ணு இருந்தாலே போதும். சிலருக்கு அடுத்த நாள், அதுக்கடுத்த நாள்தான் காட்டும்.

சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. டேவிட் மேடக்ஸ்னு அவுஸ்திரேலியாக்காரர் ஒருத்தரும் அவரோட சேர்ந்தவங்களும் 1995ல வெளியிட்ட சில கேள்விங்க. இப்ப நாம எந்த மைதானத்துல நிக்கிறோம்? இது முதல் பாதியா, ரெண்டாம் பாதியா? கடைசியா ஸ்கோர் பண்ணினது யாரு? போன கிழமை யாரோட ஆடினோம்? அதுல ஜெயிச்சோமா? பேரு, ஊரு, அம்மா பேரு கேட்டா அடிபட்ட பிள்ளையும் சரியாத்தான் சொல்லும், அதெல்லாம் ஆழமாப் பதிஞ்சது. இப்ப நடந்துக்கிட்டிருக்கிறதைக் கேட்டாத்தான் தடுமாறும். ஒரு கேள்விக்குத் தடுமாறினாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. எல்லாத்துக்கும் சரியாச் சொல்லிட்டான், ஆனா தலை வலிக்குதுங்கிறான்னா, அப்பவும் ஆட்டம் முடிஞ்சதுதான். சந்தேகம் வந்தாலே வெளிய எடுக்கணும்னு உலக ரக்பி அமைப்பே சொல்லியிருக்கு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கனடாவுல ஒட்டாவா நகரத்துல ரோவன் ஸ்ட்ரிங்கர்னு ஒரு பிள்ளை. பதினேழு வயசு, பள்ளிக்கூட ரக்பி டீம் கேப்டன். 2013 மே மாசம் ஒரே கிழமைக்குள்ள மூணு தரம் தலையில அடிபட்டிருக்கு. முதல் ரெண்டு அடிக்குப் பிறகு அவளுக்கே சந்தேகம் வந்திருக்கு. கன்கஷன்னா என்னன்னு இணையத்துல தேடியிருக்கா, கூட்டாளிக்கு மெசேஜ் போட்டிருக்கா. அப்பா அம்மாகிட்டயும் சொல்லல, கோச்கிட்டயும் சொல்லல. மூணாவது ஆட்டத்துல விழுந்தவ நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில இறந்துட்டா. முதல் அடியில மூளை ஆறுறதுக்குள்ள அடுத்தது விழுந்தா, சின்ன அடியே போதும், மூளை வீங்கிடும். வளர்ற வயசுப் பிள்ளைங்களுக்குத்தான் இது அதிகம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வட அயர்லாந்துல பெஞ்சமின் ராபின்சன்னு பதினாலு வயசுப் பையன் பள்ளிக்கூட மேட்ச் ஒண்ணுலயே இப்படித்தான் போனான். அடிபட்டபிறகும் அவனைத் தொடர்ந்து ஆட விட்டாங்க.

ரோவனோட அப்பா அம்மா விடல. 2018ல ஒன்டாரியோ மாகாணத்துல அவ பேர்லயே சட்டம் வந்தது. தலையில அடிபட்டதா சந்தேகம் வந்தா பிள்ளையை உடனே வெளிய எடுக்கணும், மருத்துவர் சொல்லாம திரும்ப ஆட விடக்கூடாது. நம்ம நாட்டுல அப்படியொரு சட்டத்துக்காகக் காத்துக்கிட்டிருக்க வேணாம். வீட்டுக்கு வீடு நாமே போட்டுக்கலாம். நான் தம்பிகிட்ட வச்சிருக்கிற சட்டம் ஒண்ணே ஒண்ணு. அடிபட்டதைச் சொன்னா திட்டு கிடையாது, "நான் அப்பவே சொன்னேன் இந்த விளையாட்டு வேணாம்னு"ங்கிற பேச்சும் கிடையாது. பிள்ளைங்க மறைக்கிறதுக்குப் பாதிக் காரணம் நாம கத்துறதுதான். மீதிப் பாதி, டீம்ல இடம் போயிடும்ங்கிற பயம். அதைப் பிறகு பேசுறேன்.

அன்னைக்கு ராத்திரி என்ன செய்யணும்? அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிட்டு வரணும், தோட்டத்து டிஸ்பென்சரியோட நிறுத்திடக் கூடாது. வீட்டுக்கு வந்தபிறகு முதல் இருபத்துநாலு மணித்தியாலம் தனியா விடாதீங்க. தூங்கவே விடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. டாக்டர் பார்த்து அனுப்பின பிள்ளை தூங்கட்டும், தூக்கம் நல்லது. நீங்க பக்கத்துல படுத்துக்கங்க. வலிக்குப் பெனடோல் மட்டும், அதுவும் அளவோட. அஸ்பிரின், புரூஃபன் வேணாம், உள்ள ரத்தம் கசிஞ்சா அது அதிகமாக்கும். பிள்ளையோட போன் ரெண்டு நாளைக்கு உங்க கையில இருக்கட்டும். பெரிய பையன்னா, மேட்ச் முடிஞ்ச குஷியில யாராவது கிளாஸ் நீட்டுவாங்க, தலையில அடிபட்டவன் தொடவே கூடாது. போதையில தள்ளாடுறானா, மூளை வீங்கித் தள்ளாடுறானான்னு யாராலயும் சொல்ல முடியாமப் போயிடும்.

காலம்பற வரைக்கும் காத்திருக்கக் கூடாத அறிகுறிங்க தனி. தலைவலி கூடிக்கிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினா எழும்பாம இருக்குறது, ஒரு கண் பாப்பா பெரிசா இருக்குறது, கை கால் மரத்துப் போறது, பேச்சு குழறுறது, காது மூக்குல தண்ணி மாதிரி வடியுறது, கழுத்து வலி. இதுல ஏதாவது ஒண்ணுன்னா உடனே 1990. சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு கிடையாது. கூப்பிடும்போது "ஸ்பிரிங்வெளி"ன்னு மட்டும் சொன்னா அவங்க எங்கன்னு தேடுவாங்க? டிவிஷன் பேரு, லயம் நம்பர், பக்கத்துல கோயிலோ பிள்ளை மடுவமோ எது இருக்கோ அதைச் சொல்லுங்க. டோர்ச் லைட்டோட ஒருத்தரை ரோட்டு முடக்குக்கு அனுப்புங்க. வீட்டுக்குள்ள சிக்னல் இல்லாதவங்க, எந்த மேட்டுல நின்னா கிடைக்கும்னு இன்னைக்கே பார்த்து வச்சுக்கங்க.

சரி, எப்ப திரும்ப ஆடலாம்? 2023ல பிரிட்டன்ல அடிமட்ட விளையாட்டுகளுக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு. பிறகு மெதுவா நடை, பள்ளிக்கூடப் பாடம், லேசான ஓட்டம். மேட்ச் குறைஞ்சது 21 நாளைக்குப் பிறகுதான், அதுவும் பதினாலு நாளா எந்த அறிகுறியும் இல்லாம இருந்தா. பாடம் படிக்கத் தலை ஒத்துழைக்காத பிள்ளைக்கு மேட்ச் எதுக்கு? ஃபைனல் வருதுன்னு சொல்லுவாங்க. வரட்டும்.

இனி அடியே படாம இருக்க என்ன செய்யலாம்னு பார்ப்போம். தொழில்முறை ஆட்டங்களை ஆராய்ஞ்சு பார்த்தப்ப, தலைக்காயங்கள்ல நாலுல மூணு பங்கு டாக்கிள்லதான் வருதுன்னு கண்டாங்க. அதுல அதிகம் அடிபடுறது பந்தைத் தூக்கிட்டு ஓடுறவன் இல்ல, அவனைப் பிடிக்கப் போறவன், நூத்துக்கு எழுபதுக்கு மேல. நிமிர்ந்து நின்னபடியே மோதுறதுதான் காரணம். அதனால தம்பி, முழங்காலை மடிச்சு இடுப்பை இறக்கு. கண்ணை மூடாத. தலையைக் குனிஞ்சு தரையைப் பார்க்காத. உன் தலை அவன் உடம்புக்கு முன்னால போகக்கூடாது, பக்கவாட்டுல இல்லாட்டி பின்னால இருக்கணும். தோள்தான் படணும். தோள் மட்டத்துக்கு மேல பிடிக்கிறது எப்பவுமே குற்றம். பிரான்ஸ்ல 2019லேயே அமெச்சூர் ஆட்டங்கள்ல இடுப்பு மட்டத்துக்கு இறக்கிட்டாங்க, 2023லிருந்து பல நாடுகள் நெஞ்செலும்புக்குக் கீழதான்னு மாத்தியிருக்கு. இங்க ரெஃப்ரி விசில் ஊதினாலும் ஊதாட்டியும் நீ கீழயே பிடிச்சுப் பழகு.

தலையில போடுற பஞ்சுத் தொப்பி, அதான் ஸ்க்ரம் கேப், அதை வாங்கிக் கொடுத்துட்டா போதும்னு நினைக்காதீங்க. காது கிழியாம, நெத்தி கீறாம அது காக்கும். தேங்காய்க்கு மேல துணியைச் சுத்திட்டுக் குலுக்கிப் பாருங்க, உள்ள தண்ணி ஆடத்தான் செய்யும். காசு குறைச்சலா இருந்தா முதல்ல பல்லுக்கு கம் ஷீல்ட். சுடுதண்ணியில போட்டுக் கடிச்சு நம்ம பல்லுக்கு ஏத்த மாதிரி செஞ்சுக்கிற வகை போதும். வளர்ற பிள்ளைக்கு வாய் மாறும், அதனால ஒவ்வொரு சீசனுக்கும் சரியாப் பொருந்துதான்னு பாருங்க. கம் ஷீல்ட் கன்கஷனைத் தடுக்கும்னு நம்பிடாதீங்க, பல்லைத்தான் காக்கும். பெரிய பல்லு முழுசாக் கழண்டு விழுந்தா, வேரைத் தொடாம மேல் பக்கத்தைப் பிடிச்சு எடுத்து, பால்ல போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட ஓடுங்க. திரும்பப் பொருத்தலாம்.

இன்னொரு விஷயம், காசே செலவில்லாதது. இங்கிலாந்துல 14லிருந்து 18 வயசுப் பள்ளிக்கூடப் பையன்களை வச்சு ஒரு உடற்பயிற்சித் தொகுப்பைச் சோதிச்சு 2017ல முடிவைச் சொன்னாங்க. சமநிலை, தாவி இறங்குறது, கழுத்தைப் பலப்படுத்துறது, எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். கிழமைக்கு மூணு தரம் விடாம செஞ்ச டீம்கள்ல காயங்கள் 72 வீதம் குறைஞ்சிருக்கு, கன்கஷன் 59 வீதம். உலக ரக்பி அமைப்பு அதை எக்டிவேட்ங்கிற பேர்ல இலவசமாப் போட்டிருக்கு. மாஸ்டர் போன்ல இறக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்க. மைதானத்தை ரெண்டு சுத்து ஓடிட்டு நேரா மோதப் போற வழக்கத்தை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரெண்டு டீமும் குனிஞ்சு தோளோட தோள் சேர்த்துத் தள்ளுறதுதான் ஸ்க்ரம். அதுல முன்வரிசைக்குப் பழகாத பிள்ளையை, உடம்பு பெருசா இருக்குன்னு தள்ளிவிடக்கூடாது. கழுத்தெலும்பு சம்பந்தப்பட்ட விஷயம் அது. பத்தொன்பது வயசுக்குக் கீழ ஸ்க்ரம்ல ஒன்றரை மீட்டருக்கு மேல தள்ளவே கூடாதுன்னு விதி இருக்கு. பழகின முன்வரிசை ஆள் இல்லைன்னா தள்ளாத ஸ்க்ரம் கேக்கலாம், அதுல வெக்கம் இல்ல. யாராவது விழுந்து கழுத்து வலிக்குது, கை கால்ல உணர்ச்சி இல்லைன்னா, கை ரெண்டு கால் ரெண்டுன்னு பிடிச்சுத் தூக்கி த்ரீவீலர்ல போடாதீங்க. ஒருத்தர் தலைமாட்டுல முட்டி போட்டு ரெண்டு கையாலயும் தலையை அசையாம பிடிச்சிருக்கட்டும், ஆம்புலன்ஸ் வரட்டும்.

சுளுக்கு, வீக்கம் வந்தா நம்ம ஊர்ல முதல் வேலை எண்ணெய் போட்டு நீவுறது. முதல் ரெண்டு மூணு நாள் அது வேணாம், கசிஞ்சிக்கிட்டிருக்கிற இடத்தை நீவினா இன்னும் கசியும். துணியில ஐஸைச் சுத்தி பதினஞ்சு இருபது நிமிஷம் வைங்க, பேண்டேஜ் சுத்துங்க, காலைத் தலகாணி மேல தூக்கி வைங்க. நாலடி ஊன முடியலைன்னா எக்ஸ்ரே. தோள்மூட்டு விலகினா கூட்டாளிங்க இழுத்துவிடக் கூடாது, நரம்பு மாட்டிக்கும். முறிவு நெரிவு வைத்தியர் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா எக்ஸ்ரே எடுத்தபிறகு போங்க.

மைதானத்தை ஆட்டத்துக்கு முன்னாடி ஒருதரம் வரிசையா நடந்து பாருங்க. கல்லு, போத்தல் ஓடு, மாட்டுச் சாணி எல்லாம் இருக்கும். மண்ணுல சிராய்ச்ச காயத்தை அன்னைக்கே சவர்க்காரம் போட்டுக் கழுவணும், ஏழாம் வகுப்புல போட்ட ஏற்பூசி ஊசி கார்டைத் தேடி எடுத்து வைங்க. மார்ச், ஏப்ரல்ல பின்னேரத்துல இடி மின்னல் அதிகம். இடிச் சத்தம் காதுல விழுந்தாலே மின்னல் எட்டுற தூரத்துலதான் இருக்கு. மரத்தடியில நிக்காம கட்டடத்துக்குள்ள போங்க, கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழிச்சு வாங்க.

சாப்பாட்டுக்கு வர்றேன். ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் குடிச்சிட்டு இறங்குற பிள்ளை, ஸ்கூல் விட்டு மூணு மணிக்கு வெறும் வயித்தோட மோதப் போகுது. தலைசுத்தி விழுந்தா அடிபட்டதா, பசியான்னு கூடத் தெரியாது. அவிச்ச முட்டை, அவிச்ச கடலை, வாழைப்பழம், இதுல ஏதாவது ஒண்ணு பையில இருக்கட்டும். வீட்டுல நெத்தலி, பயறு, சோயா மீட், பருப்பு. தேயிலை நம்ம சோறு, அதை நான் குறை சொல்லல. ஆனா சாப்பாட்டோட குடிக்கிற தேத்தண்ணி, கீரையிலயும் பருப்புலயும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்க, சாப்பாட்டோட தேசிக்காய்ப்புளி, கொய்யாப்பழம் ஏதாவது சேர்த்துக்கங்க. மாசாமாசம் ரத்தம் போற தங்கச்சிமாருக்கு இது ரொம்ப முக்கியம். சீக்கிரமா மூச்சு வாங்குது, முகம் வெளிறுதுன்னா, ஸ்டெமினா இல்லைன்னு திட்டாம ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்க. மழையில நனைஞ்சு வேர்த்து ஆடினாலும் தண்ணி வேணும், அதிகமா வேர்த்தா ஒரு ஜீவனி பாக்கெட்.

டப்பாவுல வர்ற சத்து மாவு வேணாம். 2011ல இலங்கை ரக்பி வீரர்கள் மூணு பேர் ஊக்கமருந்துச் சோதனையில மாட்டினாங்க. மெத்தில்ஹெக்ஸனமின்னு ஒரு பொருள், ஜிம்முக்கு முன்னால குடிக்கிற மாவுகள்ல அப்ப கலந்து வந்தது. 2013லிருந்து ஊக்கமருந்துக்கு எதிரா நம்ம நாட்டுல சட்டமே இருக்கு. தெரியாம குடிச்சேன்னு சொன்னா எடுபடாது. சீனியர் அண்ணன் கொடுத்தான்னு ஊசி போட்டுக்கிற பேச்சே வேணாம்.

டீம்ல இடம் போயிடும்ங்கிற பயத்தைப் பிறகு பேசுறேன்னு சொன்னேனே. லயத்துலிருந்து போற பிள்ளைக்கு அந்த ஜெர்சி பெரிய விஷயம். அதனாலதான் வலியை முழுங்கும், சீனியர் அடிச்சாலும் முழுங்கும், சிங்களம் ஓடாததால கோச்கிட்ட வாயைத் திறக்காது. "ஒலுவ ரிதெனவா" தலை வலிக்குது, "ஒலுவ கெரகெனவா" தலை சுத்துது. இந்த ரெண்டையும் தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மாதிரிப் பழக்குங்க. டீம்லிருந்து எடுத்துட்டாங்கன்னா நாலு நாள் சோர்ந்து கிடக்கும், அது இயல்பு. ரெண்டு கிழமைக்கு மேல சாப்பிடாம, தூங்காம, பேசாம இருந்தா 1926க்குக் கூப்பிடுங்க, தமிழ்லயும் பேசுவாங்க. ராகிங், தொடக்கூடாத இடத்துல தொடுறது, உடுப்பு மாத்துற இடத்துல போன்ல எடுக்கிறது, இதெல்லாம் "விளையாட்டுல சகஜம்" இல்ல. 1929 சிறுவர் பாதுகாப்பு இலக்கம். தங்கச்சிமார் டீமோட வெளியூர் போனா கூட ஒரு டீச்சரம்மா போறாங்களான்னு கேட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

அந்தக் கையெழுத்துப் பேப்பர் வீட்டுக்கு வரும்போது சும்மா போட்டுக் கொடுத்துடாதீங்க. லீவு கிடைக்கிற நாள்ல ஒருக்கா பள்ளிக்கூடத்துக்குப் போய் மாஸ்டரைப் பாருங்க, மரியாதையாவே கேளுங்க. முதலுதவி தெரிஞ்சவர் யாரு, மேட்ச்சுக்கு டாக்டர் வருவாரா, தலையில அடிபட்டா வீட்டுக்கு யார் கோல் எடுப்பாங்க? கடைசியா ஒண்ணு, நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு மட்டுமே உள்ளது. ஆட்டம் முடியப் பிந்தி ஸ்பிரிங்வெளி பஸ் போயிட்டா, அடிபட்ட பிள்ளையை மேல கொண்டுவந்து விடுறது யாரு? அவர் பேரையும் போன் நம்பரையும் வாங்கிட்டு, அதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுங்க.